புவாத்தியே நகரின் விருந்தாளி

புனித வெள்ளியன்று திருச்சிலுவை ஆராதனை நடைபெறும்போது, மக்கள் வரிசையாகச் சென்று சிலுவையின் பாதத்தை முத்தி செய்யும் வேளையில், ஒரு பழம்பாடல் பாடப்படுவது உண்டு. சிலுவையைக் காட்டு மரங்களின் குலத்தோடு ஒப்பிட்டுப் போற்றும் பாடல் அது. நான் சிறுவனாய் இருந்த நாளில் எங்கள் ஊர் உபதேசியார் அதை இலத்தீனிலேயே பாடுவார். பொருள் ஒன்றும் விளங்காது. ஆயினும் அந்த இராகம் நெஞ்சில் தங்கிவிட்டது.

பாடலை இயற்றியவர் யார் என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே அறிந்தேன். 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வெனான்சியுஸ் போர்த்துனாத்துஸ் என்னும் கவிஞர் அவர். வாழ்நாளின் கடைசிப் பகுதியில் பிரான்சு நாட்டுப் புவாத்தியே நகரின் ஆயராக விளங்கியவர். திருச்சபையில் புனிதராக வணங்கப்படுபவர். இவ்வளவு அறிந்து மகிழ்ந்திருந்த எனக்கு, பின்னர் ஒரு செய்தி பெரும் வியப்பைத் தந்தது. திருச்சிலுவையைப் பாடிய அதே கரங்கள் முட்டையையும் பிளம் பழத்தையும் பற்றிப் பாட்டு எழுதியிருக்கின்றன. பாலைப் பற்றி, விருந்து மேசையில் பரப்பிய ரோசா மலர்களைப் பற்றி, வயிறு புடைக்கத் தின்று அவதிப்பட்டதைப் பற்றி, படகில் சென்று கண்ட திராட்சைத் தோட்டங்களைப் பற்றி எல்லாம் அவர் பாடியிருக்கிறார்.

சிலுவையும் சமையற்கட்டும் ஒரே உள்ளத்தில் எவ்வாறு குடியிருந்தன? இந்தக் கேள்வி என்னை நெடுங்காலம் விடவில்லை. பாரிசில் குடியிருக்கும் மகளைக் காணச் சென்ற சமயம், ஒருநாள் காலையில் இரயில் ஏறிப் புவாத்தியே போய்ச் சேர்ந்தேன்.

மலைமேல் ஒரு நகரம்

கிளேன், புவாவ்ர் என்னும் இரு சிற்றாறுகள் மூன்று பக்கமும் வளைந்தோட, நடுவில் எழுந்து நிற்கும் ஒரு மேட்டு நிலத்தின்மேல் அமைந்தது பழைய புவாத்தியே. இரயில் நிலையம் பள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து நகருக்குள் போகவேண்டுமாயின் மேடேற வேண்டும். என் வயதில் அது எளிதன்று. நின்று நின்று மூச்சு வாங்கியே ஏறினேன்.

ஏறியபின் கண்ட காட்சி களைப்பை மறக்கச் செய்தது. 12-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள் செறிந்த முகப்புடன் நிற்கிறது பெரிய அன்னை ஆலயம். சற்றுக் கீழே இறங்கினால் புனித இராயப்பர் பேராலயம். அதற்கும் அருகில், சாலையின் மட்டத்தைவிடத் தாழ்ந்து, பழமையின் கனத்தோடு அமர்ந்திருக்கிறது புனித அருளப்பர் திருமுழுக்கு ஆலயம். பிரான்சு நாட்டில் இன்றும் நிற்கும் கிறித்தவக் கட்டடங்களுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று இது. 4-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வரலாறு உடையது. உள்ளே எண்கோண வடிவில் ஒரு தொட்டி. அக்காலத்தில் திருமுழுக்குப் பெறுவோர் அதில் இறங்கிக் கரையேறுவர்.

அத்தொட்டியின் விளிம்பில் நின்றபோது, போர்த்துனாத்துஸ் கண்ட சுவர்களை நானும் காண்கிறேன் என்ற எண்ணம் மெய்சிலிர்க்க வைத்தது. இவ்வூருக்கு அவர் வந்தது ஏறத்தாழ 567-ஆம் ஆண்டில். வந்தவர் இவ்வூர்க்காரர் அல்லர். ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து வந்த வழிப்போக்கர்.

கண் பெற்ற நன்றி

வட இத்தாலியில் திரேவீசோ நகருக்கு அணித்தே வல்தோபியாதேனே என்ற ஊர் உள்ளது. இன்று அந்தக் குன்றுகள் பிரோசெக்கோ என்னும் திராட்சை இரசத்துக்குப் பேர்பெற்றவை. 2019-இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நம் கவிஞர் பிறந்தது அங்கேதான். இரவென்னா நகரில் இலக்கணமும் சொல்லணியும் கற்றார்.

கற்கும் காலத்தில் அவருக்குக் கண்நோய் கண்டது. இரவென்னாவில் ஒரு கோயிலில் தூரின் ஆயராய் இருந்த புனித மார்த்தீனாரின் திருவுருவம் இருந்தது. அதன்முன் எரிந்த விளக்கின் எண்ணெயைத் தொட்டுக் கண்களில் பூசிக்கொண்டார், நோய் நீங்கியது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். மார்த்தீனாரின் கல்லறை இருப்பதோ நெடுந்தொலைவில், பிரான்சு நாட்டுத் தூர் நகரில். நன்றி சொல்ல அங்கே போகவேண்டும் என்று புறப்பட்டதாகவும் அவரே கூறுகிறார். அப்பயணத்துக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம் என ஆராய்ச்சியாளர் கருதுவர். எதுவாயினும், 565-ஆம் ஆண்டில் இத்தாலியை விட்டுப் புறப்பட்ட அவர் பிறந்த மண்ணில் மீண்டும் குடியிருக்கவே இல்லை.

தம் பாடல் தொகுதியின் முன்னுரையில், கடந்து வந்த ஆறுகளை அவர் வரிசையாக அடுக்குகிறார். போ, அடிஜே, பியாவே தொடங்கி ஆல்ப்சைத் தாண்டி, இன், தன்யூப், ரைன், மோசெல் என்று நீள்கிறது அவ்வரிசை. குதிரைமேல் இருந்தபடியும் அரைத்தூக்கத்திலும் பாட்டுக் கட்டியதாகச் சொல்கிறார். வழியில் தங்கிய இடங்களில் அவரைச் சுற்றி இருந்தவர்கள் மேப்பிள் மரக் கிண்ணங்களில் அளவின்றிக் குடித்துக் கூச்சலிடும் வீரர்கள். வாத்தின் கூவலுக்கும் அன்னத்தின் பாட்டுக்கும் வேறுபாடு அறியாத அவையில் தாம் பாட நேர்ந்ததே என்று நகைக்கிறார். குடிவெறியை அவர் போற்றவில்லை என்பதை வாசகர் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அரசனின் சமையற்காரன்

566-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் மெட்ஸ் நகரில் அரச திருமணம் ஒன்று நிகழ்ந்தது. பிராங்கு மன்னர் சிகிபெர்ட்டு, இசுபானிய நாட்டு இளவரசி புருனில்டாவை மணந்தார். மணவிழாவில் வாழ்த்துப்பா பாடியவர் நம் கவிஞர். அன்றுமுதல் பெரியோர் இல்லங்களின் கதவுகள் அவருக்குத் திறந்தன. பாட்டுக்கு விருந்து, விருந்துக்குப் பாட்டு என்று காலம் நடந்தது.

அவ்விருந்துகளுள் ஒன்றில் பீச் பழங்களை மேலும் மேலும் பரிமாறினார்கள். மறுக்கத் தெரியாத கவிஞர் தின்றுகொண்டே இருந்தார். பிறகு வயிற்றினுள் இடி முழங்கியதாகவும் புயல் புரண்டதாகவும் அவர் பாடியிருப்பதைப் படித்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

மெட்சில் நேர்ந்த மற்றொரு கதையும் சுவையானது. ஆற்றுவழியே செல்ல அவர் ஏற்பாடு செய்திருந்த படகை அரசனின் சமையற்காரன் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்! கவிதையைவிடக் குழம்புக்கே மதிப்பு மிகுதியாயிற்று என்று அவர் நொந்துகொள்கிறார். வேறு சிறு படகு ஒன்று கிடைத்தது. அதிலோ தண்ணீர் ஏறிக் கால்களை நனைத்தது. பின்னர் பப்புலுஸ் என்னும் பெரியவர் நல்ல படகொன்றும் உணவும் தந்து அனுப்பினார். கையில் காசில்லாத புலவனின் வாழ்வு எந்நாட்டிலும் ஒன்றுதான் போலும். நம் பாணர்களும் புலவர்களும் வள்ளல்களை நாடி நடந்த வழிகள் என் நினைவுக்கு வந்தன.

இவ்வாறு ஈராண்டு அலைந்தவர், தூர் நகரில் மார்த்தீனாரின் கல்லறையில் வேண்டுதலை நிறைவேற்றினார். பின்பு தெற்கே நடந்து புவாத்தியே வந்தார். ஏனைய ஊர்களைப் போல இதையும் கடந்து போயிருப்பார். போகவில்லை. வாழ்வில் எஞ்சிய ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளும் இந்த மேட்டு நகரமே அவருக்கு வீடாயிற்று. அதற்குக் காரணம் ஒரு பெண்மணி.

நாடிழந்த அரசி

ரதகுந்தா என்பது அவர் பெயர். இன்றைய செருமனியில் உள்ள துரிஞ்சியாவின் அரச குலத்தில் பிறந்தவர். 531-இல் பிராங்கியர் அந்நாட்டை அழித்தபோது, சிறுமியாய் இருந்த அவரைப் போர்க் கொள்ளையின் ஒரு பகுதியாகக் கொண்டு சென்றனர். வளர்ந்தபின் வெற்றி கொண்ட மன்னர் குளோத்தாரே அவரை மனைவியாக்கிக் கொண்டார். பல ஆண்டுகள் கழித்து அதே மன்னர் ரதகுந்தாவின் தம்பியையும் கொலை செய்வித்தார். அதன்பின் அரசி அரண்மனையில் இருக்கவில்லை. ஆயர் மெதார்துவிடம் சென்று தம்மை இறைவனுக்கு அர்ப்பணிக்கும்படி வேண்டி, துறவு பூண்டார். புவாத்தியே நகரில் கன்னியர் மடம் ஒன்றை நிறுவினார்.

மடம் நிறுவியவர் தாமாயினும் தலைவியாக அவர் இருக்கவில்லை. தாம் மகளாய் வளர்த்த ஆக்னேசை அப்பொறுப்பில் அமர்த்தி, அவருக்குக் கீழ்ப்பட்டு வாழ்ந்தார். முறை வரும்போது அடுப்பு மூட்டினார், விறகு சுமந்தார், பாத்திரம் துலக்கினார், நோயாளரைக் குளிப்பாட்டினார். இவையெல்லாம் போர்த்துனாத்துஸ் எழுதிய ரதகுந்தாவின் வாழ்க்கை வரலாற்றில் உள்ளன.

அரசியின் உணவு என்ன தெரியுமா? பயறும் கீரையும். இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, பழம்கூட இல்லை. கோதுமை அப்பத்தை விடுத்து வாற்கோதுமை அப்பத்தை, பிறர் காணாதபடி பணியாரத்தின் அடியில் மறைத்து வைத்து உண்பாராம். தேன் கலந்த நீர், பேரிக்காய்ச் சாறு ஆகியவையே பானம். தபசு காலத்தில் இவையும் குறையும். கிழங்கும் கீரையும் எண்ணெயும் உப்பும் இன்றி வேகும்.

கூடையில் வந்த அன்பு

இத்தகைய தவமங்கை, ஊர் சுற்றி வந்த கவிஞரிடம் தம் நோன்பைத் திணிக்கவில்லை என்பதே எனக்குப் பெரும் வியப்பு. அவருக்கு வயிறாரச் சோறிட்டார். ரதகுந்தாவும் ஆக்னேசும் மடத்திலிருந்து அனுப்பிய உணவுகளை அவர் பாடல்களிலிருந்தே பட்டியல் இடலாம். வெள்ளித் தட்டில் இறைச்சி, கண்ணாடித் தட்டில் கோழி, சலவைக்கல் தட்டில் தோட்டத்துக் காய்கறி, கறுப்புச் சட்டியில் வெள்ளைப் பால், வண்ணக் கூடைகளில் கனிகள். ஒருநாள் மேசை தெரியாதபடி ரோசா மலர்களைப் பரப்பியிருந்தனர். மற்றொரு நாள் வந்த பாலேட்டின்மேல் அனுப்பியவரின் விரல் தடம் பதிந்திருந்ததாம். அந்தத் தடத்தையும் அவர் பாட்டில் வைத்துக் காத்தார்.

முட்டைப் பாட்டு எது என்று கேட்பீர்கள். இரவில் இரண்டு முட்டை உண்ணுமாறு அவருக்கு மடத்திலிருந்து அறிவுரை வந்தது. கவிஞர் பதில் எழுதினார்: இரண்டன்று, உண்மையைச் சொன்னால் நான்கு உண்டேன், என் வயிறு உங்களுக்குக் கீழ்ப்படிவதுபோல் என் உள்ளமும் என்றும் கீழ்ப்படியட்டும்! தமக்கை முன் தம்பி செய்யும் குறும்பு இதில் தொனிக்கிறதல்லவா?

பெறுவது மட்டும் அவர் வழக்கமன்று. மெல்லிய மிலாறுகளைக் கொண்டு தம் கையாலேயே கூடை முடைந்து, அதில் செஸ்ட்நட் கொட்டைகளை நிரப்பி அனுப்பினார். மரம் தந்த எளிய பொருள்தான் என்று அடக்கமாய் ஒரு பாட்டும் உடன் சென்றது. வந்த பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பி அனுப்பக் கூடாது என்பது நம் வீடுகளில் தாய்மார் காக்கும் மரபு. அதைப் பிராங்கியர் நாட்டில் ஓர் இலத்தீன் புலவரும் அறிந்திருந்தார்.

திராட்சை இரசத்தைப் பற்றி ஒரு சொல். ரதகுந்தாவின் உடல் கடும் நோன்பால் தளர்ந்தபோது, போர்த்துனாத்துசும் ஆக்னேசும் சேர்ந்து ஒரு விண்ணப்பம் அனுப்பினர். வயிற்றின் நலத்துக்காகச் சிறிது திராட்சை இரசம் பருகும்படி புனித சின்னப்பர் திமோத்தேயுவுக்கு எழுதியதை நினைவூட்டி, தாங்களும் அவ்வாறே செய்யவேண்டும் என்று கெஞ்சினர். ஆயினும் அவர் எழுதிய வரலாற்றின்படி, நோன்பு மேற்கொண்டபின் ரதகுந்தா கலப்பற்ற இரசத்தைத் தீண்டவே இல்லை. கவிஞரோ தமக்கு ஊற்றப்பட்டதை மறுக்கவில்லை. இரசத்தில் மேசையே மிதப்பதுபோல் தோன்றியது என ஒருநாள் ஒப்புக்கொள்கிறார். குடியினால் அணைந்துபோன அடுப்புகளை நம் தெருக்களில் நாள்தோறும் காணும் நாம், அவரை இதில் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் நோன்பிருந்தவர் உண்டவரை இகழவில்லை. உண்டவர் நோன்பிருந்தவரை நகைக்கவில்லை. ஒருவர் உடல்நலத்தை மற்றவர் கவலையோடு கேட்டுக்கொண்டே இருந்தனர். இதையன்றோ நாம் பின்பற்ற வேண்டும்!

ஊர்வாய் சும்மா இருக்குமா? கவிஞருக்கும் மடத்துத் தலைவி ஆக்னேசுக்கும் உள்ள நட்பைப் பற்றி முணுமுணுப்பு எழுந்தது. அது அவரைச் சுட்டது. தம் சொந்தத் தங்கை தித்தியானாவை எப்படி நேசிப்பேனோ அப்படியே உன்னை நேசித்தேன் என்று, கிறிஸ்துவையும் அன்னை மரியாளையும் சாட்சிக்கு அழைத்து அவர் எழுதிய பாடல் இன்றும் உள்ளது. விளையாட்டு மறைந்து, அடிபட்டவரின் குரல் ஒலிக்கும் பாடல் அது.

அந்தத் தங்கையை அவர் இத்தாலியில் விட்டு வந்திருந்தார். 568-இல் இலொம்பார்டியர் இத்தாலியின்மேல் படையெடுத்தனர். திரும்பும் வழி அடைபட்டது. நாடு நீங்கி ஒன்பது ஆண்டுகள் ஆயின, பெற்றோரிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை, உடன்பிறந்தாரின் செய்தி தெரியவில்லை என்று நண்பர் ஒருவருக்கு அவர் புலம்பி எழுதினார். ரதகுந்தாவுக்கோ திரும்பிப் போக நாடே இல்லை. எரிந்த அரண்மனையையும் சிதறிய சுற்றத்தையும் எண்ணி அழும் அவர் துயரத்தை, அவர் குரலிலேயே ஒரு நீண்ட பாடலாக்கித் தந்தவரும் போர்த்துனாத்துசே.

இதை அறிந்தபின் அந்த முட்டையும் பாலும் எனக்கு வேறாகத் தோன்றின. வீடிழந்த இருவர், ஒரு மேசையைச் சுற்றித் தங்களுக்கென்று ஒரு வீட்டை அமைத்துக்கொண்டனர். தாய் இல்லாத இடத்தில் தாயாகவும், தங்கை இல்லாத இடத்தில் தங்கையாகவும் உணவு வந்து நின்றது.

சிலுவை நகருக்குள் வந்த நாள்

569-ஆம் ஆண்டில் அந்த மேசையின் அருகிலிருந்தே உலகம் அறிந்த பாடல் பிறந்தது. ரதகுந்தாவின் வேண்டுகோளுக்கிணங்கிக் கொன்ஸ்தாந்திநோபிளின் பேரரசர் இரண்டாம் யுஸ்தீனும் பேரரசி சோபியாவும் திருச்சிலுவையின் திருப்பண்டத்தை அனுப்பி வைத்தனர். ஆனால் புவாத்தியேயின் ஆயர் மரோவேயுஸ் அதை வரவேற்க மறுத்து, குதிரை ஏறித் தம் பண்ணைக்குப் போய்விட்டார். மன்னர் சிகிபெர்ட்டின் ஆணைப்படி தூர் நகர ஆயர் எவுப்ரோனியுஸ் வந்தே, சங்கீதங்களும் தூபமும் சூழத் திருப்பண்டத்தை மடத்துக்குள் எழுந்தேற்றம் செய்தார். அன்றுமுதல் அது திருச்சிலுவை மடம் எனப் பெயர் பெற்றது.

அந்த வரவேற்புக்காகப் போர்த்துனாத்துஸ் பாடியதே 'வெக்சில்லா ரேஜிஸ்' என்னும் பாடல். அதே திருப்பண்டத்தைப் போற்றிப் 'பாஞ்சே லிங்குவா' என்ற மற்றொன்றையும் பாடினார். புனித வெள்ளியில் நான் சிறுவனாய்க் கேட்டது இதன் ஒரு பகுதிதான். ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் கழித்து, அக்குவினா தோமையார் நற்கருணைக்குப் பாமாலை சூட்ட எண்ணியபோது, இதே தொடக்கச் சொற்களையும் இதே சந்தத்தையும் எடுத்துக்கொண்டார். பெரிய வியாழன் இரவில் நற்கருணைப் பவனியின்போது நம் ஆலயங்களில் தமிழில் பாடப்படுவது தோமையாரின் அப்பாடலே. ஆக, இத்தாலியில் பிறந்து புவாத்தியேயில் உணவு பெற்ற ஒரு விருந்தாளியின் சந்தம், நம் சிற்றூர்க் கோயில்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

நிலவறையில் ஒரு நினைவு

ரதகுந்தா 587-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அடக்கச் சடங்கை நடத்தியவர் தூர் நகர ஆயரான புனித கிரகோரியார். கவிஞர் மீண்டும் பயணம் புறப்பட்டார். 588-இல் அரசி புருனில்டாவோடும் அவர் மகன் கில்தெபெர்ட்டோடும் மெட்ஸ் முதல் அந்தெர்நாக்கு வரை ஆற்றில் சென்று, கரையோரக் காட்சிகளைப் பாடினார். செங்குத்தான பாறைகளுக்கிடையே தொங்கும் திராட்சைக் கொடிகள், அவற்றில் தொற்றிக்கொண்டு பழம் பறிப்போர், மலைகளில் எதிரொலிக்கும் இசை, விருந்தில் சால்மன் மீன். அன்று மணமகளாய்க் கண்டு வாழ்த்திய புருனில்டா இப்போது கணவனைக் கொலையில் இழந்த கைம்பெண். சில ஆண்டுகளில், 600-ஐ ஒட்டி, அவரே புவாத்தியேயின் ஆயரானார். அங்கேயே இறந்து புனித இலாரியாரின் ஆலயத்தில் அடக்கம் பெற்றார்.

ரதகுந்தாவின் கல்லறையைக் காண அவர் பெயரால் உள்ள ஆலயத்துக்குப் போனேன். பலிபீடத்தின் அடியில் தாழ்ந்து செல்லும் படிகள். கீழே சிறு நிலவறை. நடுவில் கனத்த கல் பேழை. 1562-இல் மதக் கலகத்தின்போது கல்லறை சூறையாடப்பட்டது, எலும்புகள் தீக்கிரையாயின. எனினும் மக்கள் வருவதை நிறுத்தவில்லை. நான் போனபோது மூதாட்டி ஒருவர் மெழுகுதிரி ஏற்றி வைத்துவிட்டு, குளிர்ந்த கல்லின்மேல் உள்ளங்கையைப் பதித்து நெடுநேரம் நின்றார்.

அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு வேறொரு கை நினைவுக்கு வந்தது.

ஆசிரியப் பணியில் முதன்முதலாய் நான் அமர்ந்தது, பேருந்து வசதி அரிதான ஓர் உள்நாட்டுச் சிற்றூரில். பக்கத்து வீட்டில் கைம்பெண் ஒருவர் இருந்தார். ஊரே அவரைப் பெரியம்மா என்று அழைக்கும். மாலைதோறும் தூக்குச்சட்டியில் எனக்குச் சோறும் குழம்பும் வரும். கரியடைந்த அந்தக் கையால்தான் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். தபசு காலத்தில் அவர் ஒருவேளைக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வார் என்பதை ஊரார் சொல்லி அறிந்தேன். அந்நாற்பது நாளும் எனக்கு வந்த குழம்பு குறையவில்லை. மூன்றாண்டுகள் உண்டேன். "நீங்கள் சாப்பிட்டீர்களா, பெரியம்மா?" என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. சட்டியைக் கழுவி வெறுமையாய் வைப்பேன். மாற்றலாகிப் போகும் நாளில் ஒரு பொட்டலம் முறுக்கு கட்டிக் கொடுத்தார். போய்ச் சேர்ந்ததும் கடிதம் எழுதுவதாகச் சொன்னேன். எழுதவில்லை. அவர் இறந்த செய்தியும் ஓராண்டு கழித்தே என் காதுக்கு எட்டியது.

போர்த்துனாத்துசைப் பெருந்தீனிக்காரர் என்றும் முகத்துதி பாடியவர் என்றும் குறை கூறுவோர் உண்டு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. கொடுமைக்குப் பேர்பெற்ற மன்னன் கில்பெரிக்கையும் அவர் வானளாவப் புகழ்ந்திருக்கிறார். ஆனால் உண்ட ஒவ்வொரு கவளத்துக்கும் பெயர் சொல்லி நன்றி எழுதி வைத்த மனிதர் அவர். பாலேட்டின்மேல் பதிந்த விரல் தடத்தைக்கூட அவர் கவனித்தார். நானோ மூன்றாண்டு உண்டும், கொடுத்த கையைக் கவனிக்கவில்லை. இவ்விருவருள் வயிற்றுக்காக வாழ்ந்தவர் யார்?

என் பழைய கேள்விக்கு விடையும் அங்கேயே கிடைத்தது. சிலுவையைப் பாட அவருக்கு வேறோர் உள்ளம் தேவைப்படவில்லை. சிறு கொடையையும் பெரும் கொடையாய்ப் பெறப் பழகிய உள்ளம், எல்லாவற்றிலும் பெரிய கொடையைக் கண்டபோது தானே பாடியது. தாம் உண்ணாமல் பிறரை உண்பித்த ஓர் அன்னையை நாள்தோறும் அருகில் கண்டவருக்கு, தம்மையே உணவாய்த் தந்தவரின் மரம் விளங்காமல் இருக்குமா?

உடைத்துப் பகிரும் அப்பம்

திருச்சிலுவை மடம் நின்ற இடத்தில் இன்று அருங்காட்சியகம் உள்ளது. கன்னியர் 1965-இல் நகருக்கு வெளியே சேன்-பெனுவா என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தனர். திருப்பண்டமும் அவர்களோடு சென்றது. ரதகுந்தா ஏற்றிய விளக்கு இடம் மாறிற்றே தவிர அணையவில்லை.

இரயிலுக்கு நேரம் இருந்தமையால் அடுமனை ஒன்றில் நுழைந்தேன். அப்பகுதிக்கே உரிய 'புரோயே' என்னும் பெரிய வட்டமான வெண்ணெய்ப் பணியாரம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. அதைக் கத்தியால் வெட்டுவதில்லையாம். மேசை நடுவில் வைத்து, முட்டியால் ஒரு குத்து விட்டு உடைத்து, சுற்றியிருப்போர் ஆளுக்கொரு துண்டாய் எடுத்துக்கொள்வார்களாம். தனியே தின்பதற்காகச் செய்யப்பட்ட பண்டமன்று அது. ஒன்று வாங்கிப் பாரிசுக்குக் கொண்டு சென்றேன். அன்றிரவு பேரப்பிள்ளைகள் ஆரவாரத்தோடு அதைக் குத்தி உடைத்தனர். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நீ சாப்பிட்டாயா, அம்மா?" என்று கேட்டேன்.

அவள் சற்றே வியந்து என்னைப் பார்த்தாள். "இல்லைப்பா, நீங்கள் முதலில் சாப்பிடுங்கள்" என்றாள். இருந்த துண்டுகளில் பெரியதை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அன்பர்களே, நம் வீட்டு வாசலுக்கும் யாரோ ஒருவர் கையிலிருந்து ஒரு தூக்குச்சட்டி வந்துகொண்டுதான் இருக்கிறது. அதைக் கழுவித் திருப்பும்போது அதில் ஏதேனும் ஒன்றை, தோட்டத்து நான்கு கத்தரிக்காயையேனும், ஒரு நல்ல சொல்லையேனும் வைத்து அனுப்புவோம். கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே அனுப்புவோம்.